லீற்றருக்கு எத்தனை ஓடும் என்று கேட்பவர்களுக்கு

எங்கள் ஃபிளாற் லிஃப்டில் என்னோடு ஏறி இறங்கும் அங்கிள்மாரில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர் குறைவு. "தம்பி, கீழே நிற்கிற சிவப்புக் கார் உங்கடையோ? லீற்றருக்கு எத்தனை ஓடும்?" எவ்வளவு வேகம் போகும் என்று வெள்ளவத்தையில் இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல நிறைய வைத்திருக்கிறேன்.

முன்பெல்லாம் "ஒரு பன்னிரண்டு ஓடும் அங்கிள்" என்பேன். அது காரை எனக்கு விற்றவர் சொன்ன கணக்கு. அவருக்கு விற்றவரும் அதையேதான் சொல்லியிருப்பார். இப்போது நான் திருப்பிக் கேட்கிறேன்: "எத்தனை மணிக்கு அங்கிள்?" பகிடி விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். ஆனால் கொழும்பில் மணி தெரியாமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஏலாது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சி.ஆர். கொப்பியும் ஏறக்குறைய மூன்று வருடமும் பிடித்தன.

கார் 2013ஆம் ஆண்டு சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். விஷயம் தெரிந்தவர்கள் இசட்.சி.32எஸ் என்பார்கள். 1.6 லீற்றர் எஞ்சின், டேர்போ கிடையாது, 136 குதிரை வலு, ஆறு கியர், மனுவல். எடை 1,050 கிலோ. டாங்க் 42 லீற்றர். 2019 கடைசியில் வாங்கினேன். சில மாதங்களில், 2020 மார்ச்சில், வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 தொடக்கத்தில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது. இடையில் இருந்த ஐந்து வருடமும், கையில் இருக்கிற காரைக் கட்டிக் காப்பதைத் தவிர எவருக்கும் வேறு வழி இருக்கவில்லை. அந்த வகையில் இந்தக் காரை நான் அறிந்துகொண்டது கொஞ்சம் கட்டாயத்தின் பேரில்.

ஜப்பானில் இந்த மனுவல் காருக்குக் கொடுத்திருக்கிற கணக்கு லீற்றருக்கு 14.8 கிலோமீற்றர். ஜேசி08 என்ற சோதனையில் வந்தது. அந்தச் சோதனை உருளையின் மேல், ஏசி போடாமல், சராசரியாக மணிக்கு 24.4 கிலோமீற்றர் வேகத்தில் நடப்பது. காலை எட்டரைக்குப் பம்பலப்பிட்டியில் எனக்குச் சராசரி 24 வந்தால் கதிரேசன் கோயிலில் தேங்காய் உடைப்பேன்.

2022 வரைக்கும் நான் ஒன்றையும் அளந்ததில்லை. எல்லோரையும் போல, பெற்றோல் ஷெட்டில் கண்ணாடியை இறக்கி "ரெண்டாயிரத்துக்கு அடியுங்கோ" என்று சொல்லிவிட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். ரூபாய்க் கணக்கில் அடிக்கிற பழக்கத்தால் எத்தனை லீற்றர் போகிறது என்பதே மனதில் நிற்காது. 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 137 ரூபாயாக இருந்த காலத்தில் அது பெரிய குற்றமும் இல்லை.

பிறகு 2022 வந்தது. ஜூன் கடைசியில் 92 பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாய், 95 பெற்றோல் 550. காசு இருந்தாலும் பெற்றோல் இல்லை. காலி நகருக்குப் போகிற காலி வீதியில், வரிசைக்குள் காரை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்த நாட்களை இங்கே மறுபடி விவரிக்கத் தேவையில்லை, இதை வாசிக்கிற பாதிப் பேர் அதே வரிசையில் எனக்கு முன்னாலோ பின்னாலோ நின்றிருப்பீர்கள். ஜூலையில், ஃபோனில் கியூஆர் குறியைக் காட்டிப் பங்கீட்டுப் பெற்றோல் வாங்குகிற முறை வந்தது. காருக்கு வாரம் 20 லீற்றர். அந்த 20தான் எனக்குக் கணக்குப் படிப்பித்தது.

முதல் சில வாரங்கள் கிடைத்ததை எல்லாம் அடித்து, ஓட்டத்தைக் குறைத்து, ஒரு தடவை டாங்கை நிரப்பிவிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அதே ஷெட், முடிந்தால் அதே பம்ப். முதல் 'கிளிக்' சத்தம் கேட்டதும் நிறுத்தச் சொல்லிவிடுவேன். அடிக்கிற தம்பி, காசை முழு எண்ணாக்க இன்னும் இரண்டு தடவை அமுக்கப் பார்ப்பான். அதற்கு விடக் கூடாது. அந்த இரண்டு அமுக்கலில் அரை லீற்றர், முக்கால் லீற்றர் வித்தியாசம் வந்துவிடும், கணக்கு முழுக்கக் கோணிவிடும். ட்ரிப் மீற்றர் காட்டிய தூரத்தை, அடித்த லீற்றரால் வகுத்து, கொப்பியில் ஒரு வரி. ட்ரிப்பைப் பூச்சியமாக்கிவிட்டு ஷெட்டை விட்டு வெளியே வர வேண்டும். இதை மறந்து இரண்டு வாரக் கணக்கைத் தொலைத்திருக்கிறேன்.

டாஷ்போர்டில் காரே காட்டுகிற சராசரியை ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். எழுதினேன், பக்கத்துக் கட்டத்தில். என் காரில் அது எப்போதும் நூற்றுக்கு ஏழு, எட்டு கூட்டியே சொல்லும். கொப்பியில் 8.7 வந்த வாரம் டாஷ்போர்டில் 9.4. பொய் சொன்னாலும் எப்போதும் ஒரே அளவில்தான் சொல்கிறது, அதனால் ஒரு பயணத்தை இன்னொரு பயணத்தோடு ஒப்பிட அது போதும். மற்றவர்களிடம் சொல்லிப் பெருமைப்படத்தான் உதவாது.

முதல் ஆறு வாரக் கணக்கையும் கூட்டிப் பார்த்தால் சராசரி 8.1. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்போர்ட்ஸ் கார் எண்டா அப்படித்தானே" என்றார். மச்சான் இன்னும் மோசம். "அத்தான், இது காரோ, பெற்றோல் பவுசரோ?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

எனக்கு அந்த 8.1 இடித்தது. காரணம், அந்த மாதங்களில் வீதியில் வாகனமே இல்லை. 2022 ஆகஸ்டில் காலி வீதி எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். பாடசாலைகள் பாதி நாள், அலுவலகங்கள் வீட்டிலிருந்து, பாதிப் பேர் சைக்கிளில். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு, என் அலுவலக வாசலுக்கு, எட்டரைக் கிலோமீற்றர். அதை அப்போது இருபது நிமிடத்தில் போனேன். நெரிசல் இல்லாத வீதியில், பெற்றோலைச் சேமிக்க வேண்டும் என்று காலைப் பஞ்சு போல வைத்து ஓட்டியும் 8.1 என்றால் குறை வீதியில் இல்லை, என் காலிலும் இல்லை. காரில்தான் இருக்க வேண்டும்.

முதலில் பிடிபட்டது ரயர். முன்னைய சொந்தக்காரர் பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று 215/45 போட்டிருந்தார். கார் வந்த அளவு 195/45, 17 அங்குலம். கணக்குப் பார்த்தால் அகலமான ரயரின் விட்டம் நூற்றுக்கு மூன்று வீதம் கூட. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது கார் நினைப்பதை விடக் கூடத் தூரம் போகிறது. ஃபோன் ஜிபிஎஸ்ஸில் 50 கிலோமீற்றர் ஓடினேன், மீற்றரில் 48.5 ஏறியிருந்தது. அதாவது என் 8.1 உண்மையில் 8.3. பழைய காரை அளக்கத் தொடங்குகிறவர்கள் வேறு எதையும் சந்தேகிக்கும் முன்னர் ரயர் பக்கவாட்டில் உள்ள இலக்கத்தையும் கதவோரத்து ஸ்டிக்கரையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். காற்று அளவும் அந்த ஸ்டிக்கரில்தான் இருக்கும். ஜப்பான் கார்களில் அது கிலோபாஸ்கலில் எழுதியிருக்கும், இங்கே ஷெட்டில் காற்றடிக்கிறவர் பிஎஸ்ஐயில் கேட்பார். ஸ்டிக்கர் எண்ணை 6.9ஆல் வகுத்தால் போதும். கேட்காமல் விட்டால் எல்லாக் காருக்கும் ஒரே அளவு அடித்து அனுப்புவார்கள்.

இரண்டாவது கண்டுபிடிப்புக்குக் கொஞ்சம் செலவு செய்தேன். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில், ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி துளையில் செருகுகிற சின்னப் பெட்டி ஒன்று வாங்கினேன். எஞ்சின் கணினி பார்க்கிறதை எல்லாம் ஃபோனில் காட்டும். தண்ணீர் வெப்பநிலையைத் திரையில் வைத்துக்கொண்டு மரைன் டிறைவில் போனேன். 66 பாகை. வேகம் 50 ஆனதும் 63. கலர் லைற்றில் நின்றதும் மெல்ல 74க்கு ஏறியது. கிளம்பியதும் மறுபடி விழுந்தது. நன்றாக ஓடுகிற கார் சூடாகி, தொண்ணூறுக்குக் கிட்ட ஓர் இடத்தில் நிலைத்து நிற்க வேண்டும். என் கார் ஓட ஓடக் குளிர்ந்தது. டாஷ்போர்டில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் பாஸாகித்தான் வந்தது.

இரத்மலானைப் பக்கம் ஒரு சின்ன கராஜ். பாஸ் ஹற்றன் பக்கத்து ஆள், முப்பது வருடமாக இந்த வேலை. ஃபோனைக் காட்டினேன், அதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மேல் றேடியேற்றர் குழாயைக் கையால் ஒரு தடவை பிடித்துப் பார்த்தார். "சார், இப்பத்தானே ஸ்டார்ட் பண்ணோம்? அதுக்குள்ள இதுல தண்ணி ஓடுது பாருங்க. ஓடக் கூடாது." எஞ்சின் ஆறிய பிறகு இரண்டு ஆணியைக் கழற்றி மூடியைத் தூக்கினார். உள்ளே வெறும் குழி. விளிம்பைச் சுற்றிச் சிவப்பு சிலிக்கோன் பசை, யாரோ விரலால் தடவிய தடம் அப்படியே காய்ந்து இருந்தது.

"தேமோ வால்வே இல்லீங்க."

எங்கே போனது என்று கேட்டேன். "யாரோ ஒருத்தர் கழட்டிப்புட்டாரு. ஒரு தடவை வண்டி சூடாகியிருக்கும். நம்ம நாட்டு வெயிலுக்கு இது தேவையில்லேன்னு ஒரு பேச்சு இருக்குதுங்களே." அவர் கையைத் துடைத்தபடி சிரித்தார். "நானும் அந்தக் காலத்துல கழட்டினவன்தான் சார். கார்புரேட்டர் வண்டிக்கு ஓரளவுக்கு ஓடும். இதுக்கு ஆகாது."

ஏன் ஆகாது என்பதைப் பிறகுதான் ஒழுங்காக விளங்கிக்கொண்டேன். தேர்மோஸ்ரற் வால்வ் என்பது ஒரு வாசல் காவலாளி. தண்ணீர் 80 பாகையைத் தாண்டும் வரைக்கும் அதை றேடியேற்றருக்குப் போக விடாது, அதனால் எஞ்சின் சீக்கிரம் சூடாகும். அது இல்லாவிட்டால், எஞ்சின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று கணினி நினைத்து, காலையில் ஸ்டார்ட் பண்ணிய முதல் நிமிடம் கொடுக்கிறது போலக் கூடுதல் பெற்றோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒயிலும் தடிப்பாகவே இருக்கும். கொழும்பு வெயிலில் நனைந்து ஓடுகிற என் கார் இரண்டரை வருடமாக நுவரெலியா விடியற்காலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு குடித்திருக்கிறது! புதிய வால்வ், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து அன்றைக்குக் கொடுத்த காசு, நான் அதுவரை வீணாக்கிய பெற்றோலோடு பார்த்தால் ஒன்றுமேயில்லை.

மூன்றாவது கடல் செய்த வேலை. எங்கள் ஒழுங்கை நேரே மரைன் டிறைவில் போய் முட்டும், கார் நிற்கிற இடத்துக்கு உப்புக் காற்று இருபத்து நான்கு மணி நேரமும் வரும். இந்தக் காருக்குப் பின் சக்கரத்திலும் டிஸ்க் பிறேக். அதன் பட்டையைப் பிடித்திருக்கிற கலிப்பரின் ஊசிகள் துருப் பிடித்து இறுகினால் பிறேக்கை விட்ட பிறகும் பட்டை தேய்த்துக்கொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பெட்டி எதுவும் வேண்டாம். பத்து நிமிடம் ஓடி, பிறேக்கை அதிகம் தொடாமல் வந்து நின்று, நான்கு றிம்முக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். என் காரின் இடது பின் சக்கரம் தோசைக்கல் மாதிரி இருந்தது. கழற்றிச் சுத்தம் செய்து கிறீஸ் பூசினார்கள். கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் இதை வருடத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ரயரும் சரியான அளவுக்கு வந்த பிறகு, 2022 ஒக்டோபர், நவம்பர் வாரங்களின் சராசரி 10.2. கொப்பியைக் கொண்டுபோய் மச்சானிடம் காட்டினேன். பவுசர் பேச்சு அதோடு நின்றது.

சரி, இங்கே கதையை முடித்திருந்தால் நானும் "குறையைத் திருத்துங்கோ, பத்து ஓடும்" என்று சொல்லித் திரிந்திருப்பேன். ஆனால் 2023இல் வாகனங்கள் வீதிக்குத் திரும்பின. பாடசாலைகள் முழுநேரம், அலுவலகங்கள் முழுநேரம். செப்டெம்பரில் கியூஆரும் போனது. கார் அதே கார், குறை ஒன்றுமில்லை, ஓட்டுகிறவனும் அதே ஆள். கொப்பியில் 9.6, 9.1, 8.8 என்று படி இறங்கி 8.6இல் நின்றது.

அப்போதுதான் கொப்பியில் இன்னொரு கட்டம் போட்டேன்: நேரம். எத்தனை நிமிடம் எஞ்சின் ஓடியது என்று. அதை எழுதத் தொடங்கியதும் எல்லாம் வெளித்தது.

என் அலுவலகப் பாதை அதே எட்டரைக் கிலோமீற்றர். காலை 6.30க்குக் கிளம்பினால் 22 நிமிடம், கிட்டத்தட்ட 0.73 லீற்றர். எட்டு மணிக்குக் கிளம்பினால் 50 நிமிடம், 1.08 லீற்றர். முதலாவது லீற்றருக்கு 11.6, இரண்டாவது 7.9. ஒரே கார், ஒரே பாதை, ஒரே ஆள், ஒன்றரை மணி நேர வித்தியாசம். மாதம் 22 வேலை நாள் என்று வைத்தால், காலைப் பயணத்தில் மட்டும் ஏழரை லீற்றருக்கு மேல். இதற்கு ஸ்போர்ட்ஸ் எஞ்சினைக் குறை சொல்லி என்ன பயன்?

ஓபிடி பெட்டி கணித்துக் காட்டுவதைப் பார்த்தால், நின்ற இடத்தில் நின்றபடி என் எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய 0.7 லீற்றர் குடிக்கிறது. ஏசி போட்டால் 1.1. இதை மனதில் வைத்துக்கொண்டால் கொழும்பு வீதி வேறு மாதிரித் தெரியும். பொலிஸ்காரர் கலர் லைற்றை நிறுத்திவிட்டுக் கையால் வாகனம் விடுகிற சந்தியில் ஐந்து நிமிடம் நின்றால் நூறு மில்லிலீற்றர் போயிற்று. பாடசாலை வாசலில் மகளுக்காகக் கால் மணி நேரம் ஏசியோடு காத்திருந்தால் கால் லீற்றருக்கு மேல். ஒரு தடவை ஆடிவேல் ரதம் வருகிற நாள் என்பதை மறந்து காலி வீதிக்குள் இறங்கிவிட்டேன். ஒரு மணி பத்து நிமிடம், நான்கு கிலோமீற்றர். அந்த வாரக் கணக்கு 6.9. பக்கத்தில் "வேல்" என்று எழுதி வைத்திருக்கிறேன். தரிசனமும் கிடைத்தபடியால் அதைக் குறையாக எண்ணவில்லை.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வேலை, மாறி மாறி ட்யூட்டி. அவருடைய காரைத் திருத்த கராஜில் கொடுத்திருந்த மூன்று வாரம் என் காரைக் கொண்டுபோனார். ஆறு மணிக்குப் போய் இரண்டு மணிக்கு வருவார். மூன்று வாரச் சராசரி 10.4. "நீங்கள் ஓட்டுகிற விதம் சரியில்லை, அதுதான் விஷயம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவர் போகிற நேரத்தில் வீதியில் பால் வேன் மட்டும்தான் இருக்கும் என்று நான் சொன்னது வழக்கில் எடுபடவில்லை.

ஓட்டுகிற விதத்திலும் விஷயம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் நினைத்திருந்தது போல இல்லை. கிழவி நடக்கிற மாதிரி மெல்ல மெல்ல வேகம் எடுத்தால் பெற்றோல் மிச்சம் என்று நினைத்து, இரண்டு வாரம் அப்படி ஓட்டிப் பார்த்தேன். பெரிய மாற்றம் இல்லை, பின்னால் வந்த ஓட்டோக்காரரிடம் ஏச்சு வாங்கியதுதான் மிச்சம். காரணம், இரண்டாம் கியரில் நெடு நேரம் இழுபடுகிறேன். அதற்குப் பதிலாக, திடமாக மிதித்து, 2,500 சுற்றில் கியரை மாற்றி, ஐம்பது வந்ததும் ஐந்தாம் கியருக்குப் போய்விட்டால் எஞ்சின் 1,600 சுற்றில் முனகாமல் ஓடும். ஆறு கியரையும் எதற்குக் கொடுத்திருக்கிறார்கள்? ஆனால் அந்தச் சுற்றில் திடீரென்று மிதிக்கக் கூடாது. வேகம் வேண்டுமென்றால் கியரைக் குறைத்துவிட்டு மிதிக்க வேண்டும்.

இன்னொன்று, இறக்கத்திலும் சந்திக்குக் கிட்டவும் நியூட்டரில் உருட்டுகிற பழக்கம். அப்பாவிடம் பழகியது. அவருடைய கார்புரேட்டர் காருக்கு அது சரியாக இருந்திருக்கலாம். இன்றைய எஞ்சினில், கியரில் வைத்தபடி அக்சிலறேற்றரை முழுக்க விட்டால், சுற்று ஓரளவுக்கு மேல் இருக்கும் வரை கணினி பெற்றோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்டருக்குப் போட்டீர்களோ, எஞ்சினை அணையாமல் வைத்திருக்கப் பெற்றோல் கொடுத்தே ஆக வேண்டும். தூரத்தில் சிவப்பைக் கண்டதும் காலை எடுத்துவிட்டுக் கியரிலேயே வருவது, நின்ற இடத்திலிருந்து கிளம்பாமல் உருண்டபடியே பச்சையைப் பிடிப்பது, இந்த இரண்டும் எனக்கு லீற்றருக்கு அரைக் கிலோமீற்றர் கூடத் தந்தன. காலி வீதியில் இடைவெளி விட்டால் உடனே ஓர் ஓட்டோ வந்து புகும் என்பது உண்மைதான். புகுந்துவிட்டுப் போகட்டும்.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தும் ஆறாயிரம் சுற்றைத் தொடாமல் இருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஞாயிறு விடியற்காலையில் தொடுகிறேன். அந்த அரை மணி நேரத்தில் லீற்றருக்கு ஆறோ ஏழோ வருகிறது. வாரக் கணக்கை அது அவ்வளவாக அசைக்காது. திங்கள் காலை எட்டு மணிதான் அசைக்கும்.

92ஆ 95ஆ என்ற கேள்வியும் வரும். இந்த எஞ்சினின் அமுக்க விகிதம் 11க்கு 1. ஜப்பானிலேயே ஹை ஒக்டேன் போடச் சொல்லித்தான் விற்றார்கள். மூன்று டாங்க் 92, மூன்று டாங்க் 95 என்று அடித்துப் பார்த்தேன். கொழும்புக்குள் வித்தியாசம் நூற்றுக்கு மூன்று. விலை வித்தியாசமோ, 2022 ஜூன் கணக்கில் பார்த்தால் நூற்றுக்குப் பதினேழு. ஆகவே மைலேஜுக்காக 95 அடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் அவர் கணக்குப் பார்க்கவில்லை. நான் 95 அடிப்பது வேறு காரணத்துக்கு. 92 அடித்திருந்த ஒரு நாள் நான்கு பேரோடு, ஏசியும் போட்டுக் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறினோம். மூன்றாம் கியரில் மிதித்ததும், டின்னுக்குள் கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நொக் அடிப்பது என்பார்கள். கணினி உடனே பொறியைப் பின்தள்ளி எஞ்சினைக் காப்பாற்றும், ஆனால் இழுவை போய்விடும். அந்தச் சத்தத்தை இரண்டாம் தடவை கேட்க எனக்கு விருப்பமில்லை. 92க்காகவே செய்த சாதாரணக் காரில் 95 அடிப்பது மட்டும் காசைக் கடலில் போடுவதுதான்.

நெடுந்தூரத்தில் இந்தக் காரின் மறுபக்கம் தெரியும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது விடிய மூன்றரைக்கு வெள்ளவத்தையில் டாங்கை நிரப்பிக் கிளம்பி, புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாகப் போனோம். கொக்குவிலில் மறுபடி நிரப்பியபோது 401 கிலோமீற்றர், 26.6 லீற்றர். அதாவது 15.1, ஜப்பான் கணக்கை விடக் கூட. மூன்று பேர், டிக்கி நிறையச் சாமான், முழு நேரமும் ஏசி. இதில் என் கெட்டித்தனம் ஒன்றுமில்லை. ஊர்மனைக்கு வெளியே காருக்கு வேக எல்லை 70. ஏ9 முழுக்க ஸ்பீட் கன்னோடு பொலிஸ் நிற்கிறது. எழுபதில், ஆறாம் கியரில், எஞ்சின் இரண்டாயிரம் சுற்றுக்கும் கீழே தூங்கிக்கொண்டு போகும். ஐயா நீட்டிய கன்தான் மைலேஜைத் தந்தது.

அதிவேகப் பாதையில் வேகத்தின் விலையைப் பார்த்தேன். கொட்டாவையிலிருந்து காலி வரை போகும்போது 100இல், வரும்போது 80இல். டாஷ்போர்டுக் கணக்கைத் திருத்திப் பார்த்தால் 100இல் 14.9, 80இல் 17க்குக் கொஞ்சம் மேல். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும், எண்பதிலிருந்து நூறுக்குப் போனால் அது ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆனாலும் நான் அடுத்த தடவை நூறில்தான் வந்தேன். ஏறக்குறைய கால் மணி நேரம் முந்தி வீடு வருவதற்கு ஒரு லீற்றருக்கும் குறைவு, கொடுக்கலாம்.

இதையெல்லாம் சொன்ன பிறகும் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் தன் வேகன்ஆரைக் காட்டிச் சிரிப்பார். 660 சீசீ, சந்தியில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்துவிடும். தெஹிவளையிலிருந்து அதே நேரத்தில் அதே வீதியில் வருகிறார், லீற்றருக்கு பதினைந்துக்குக் குறையாது. அது நின்ற நேரத்துக்குக் காசு கட்டுவதில்லை, என்னுடையது கட்டுகிறது. நானும் அதைப் போலச் சந்திக்குச் சந்தி சாவியைத் திருப்பி அணைத்துப் பார்த்தேன். என் காரின் ஸ்டார்ட்டரும் பற்றரியும் அதற்குச் செய்தவை அல்ல. ஒரு மாதத்தில் பற்றரி இழுபறிப்பட்டது. இப்போது பாடசாலை வாசலில் மட்டும் அணைக்கிறேன், மகள் வியர்த்து வந்து ஏறி "அப்பா, ஏசி!" என்று கத்தும் வரைக்கும்.

மனுவல் கார் வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது பெற்றோலைப் பற்றியே அல்ல. நெரிசலில் ஒரு கார் நீளம், அரைக் கார் நீளம் என்று ஊரும்போது கிளட்சைப் பாதியில் பிடித்தபடி போவோம், எல்லோரும் செய்கிறோம். அது லீற்றர் கணக்கில் தெரியாது. எனக்கு இப்போது மேலே, கடைசி இரண்டு அங்குலத்தில்தான் கிளட்ச் பிடிக்கிறது, போன வாரம் நான்காம் கியரில் மிதித்தபோது சுற்று ஏறி வேகம் ஏறவில்லை. இரத்மலானை பாஸ் கிளட்ச் தட்டு, மூடி, பெயாரிங் மூன்றையும் சேர்த்து ஒரு விலை சொல்லியிருக்கிறார். அந்தக் காசுக்கு எத்தனை லீற்றர் அடிக்கலாம் என்று கொப்பியில் எழுதத் தொடங்கினேன், பாதியில் மூடிவிட்டேன். வெள்ளிக்கிழமை காரைக் கொண்டுபோக வேண்டும்.